வாழைக்குள் ஒரு பழஞ்சுவடி



நம் மதுரை நகரில் வாழை நுழையாத வீடும் இல்லை. வாழை இல்லாத விழாவும் இல்லை. மணப்பந்தலின் வாயிலில் குலை தள்ளிய வாழை நிற்கிறது. விருந்தினர் முன்னே தலைவாழை இலை விரிகிறது. கோயிலுக்குச் செல்வோர் தட்டில் தேங்காயோடு பழமும் இடம்பெறுகிறது. நோயுற்றவரைக் காணச் செல்லும்போதும் ஒரு சீப்புப் பழம் வாங்கிக்கொண்டே செல்கிறோம். இவ்வளவு நெருங்கிப் பழகிய செடியைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? பூவன், இரஸ்தாளி, மொந்தன், பேயன், கற்பூரவல்லி, நேந்திரன், செவ்வாழை, பச்சைநாடன், விருப்பாட்சி, சிறுமலை என்று பெயர்களை அடுக்கிவிடுவோம். ஆனால் இவற்றுள் எது எதற்கு உறவு? இவற்றின் மூதாதையர் யாவர்? இவற்றைப் பெற்ற குலங்கள் எத்தனை? இவ்வாறு கேட்டால் விடை கூறத் தயங்குவோம்.

மனிதர் எழுதி வைத்த நூல்களில் இவ்வினாக்களுக்கு முழு விடை கிடைக்காது. எழுத்துத் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே வாழை மனிதர் கைக்கு வந்துவிட்டது. ஆயினும் வாழை தன் வரலாற்றைத் தன் உடலுக்குள்ளேயே ஒரு சுவடியாகக் காத்து வைத்திருக்கிறது. அச்சுவடியின் நடுவே, பண்டைக் காலத்தில் ஒரு நச்சுயிரி புகுந்து விட்டுச்சென்ற தழும்பு ஒன்று காணப்படுகிறது. நோய் விட்டுச்சென்ற தழும்பு எவ்வாறு வரலாற்றுச் சான்று ஆயிற்று? அத்தழும்பு இன்னும் முற்றும் ஆறாமல் இருப்பதால் உழவர்க்கு நேரும் இடர் என்ன? இவ்விரண்டையுமே இன்று ஆராயப் போகிறோம்.

முதலில் வாழையின் குடும்பத்தைப் பார்ப்போம். நாம் உண்ணும் பழத்தில் விதை இல்லை. நடுவே கருநிறப் புள்ளிகள் மட்டும் உள்ளன. காட்டு வாழைகளில் அவ்வாறன்று. கடுகடுத்த விதைகள் பழம் முழுவதும் நிறைந்திருக்கும். அக்காட்டு வாழைகளுள் இரண்டு நமக்கு இன்றியமையாதவை. ஒன்று மூசா அக்குமினாட்டா. மற்றொன்று மூசா பால்பிசியானா. பெயர்கள் நாவிற்குக் கடினமாயின், அறிஞர்கள் செய்தது போல முன்னதை 'ஏ' என்றும் பின்னதைப் 'பி' என்றும் சுருக்கி வழங்கலாம். அசாம் மாநிலத்தில் பீம்கொல் என்று ஒரு வாழை உண்டு. விதைகள் நிறைந்த பழத்தைத் தருவது. 'பி' குலத்தைச் சேர்ந்தது. வாழையின் பழைய முகத்தைக் காண விரும்புவோர்க்கு அதுவே நல்ல சான்று.

இவ்விரு குலங்களும் கலந்தும் கலவாமலும் பிறந்தவையே நம் தோட்டத்து வாழைகள். வாழையின் ஒரு தொகுதியில் 11 குரோமோசோம்கள் உள்ளன. காட்டு வாழையில் இத்தகைய தொகுதிகள் இரண்டு, ஆகவே 22. நாம் பயிரிடும் வாழைகளுள் பெரும்பாலானவற்றில் மூன்று தொகுதிகள், ஆகவே 33. மூன்றை இரண்டாகச் சமமாய்ப் பிரிக்க இயலாது அன்றோ? அதனால் விதை உண்டாவது பெரிதும் தடைப்படுகிறது. செவ்வாழையில் மூன்றும் 'ஏ' தொகுதிகளே. பூவன், இரஸ்தாளி, நேந்திரன், விருப்பாட்சி, சிறுமலை ஆகியவற்றில் 'ஏ' இரண்டு, 'பி' ஒன்று. மொந்தன், பேயன், கற்பூரவல்லி ஆகியவற்றில் 'ஏ' ஒன்று, 'பி' இரண்டு. வறட்சியைத் தாங்கும் உரமும், சமைப்பதற்கேற்ற மாவுத்தன்மையும் பெரும்பாலும் 'பி' குலம் அளித்த சீதனம் என்பர்.

இவ்வுறவைக் கண்ணால் கண்டே கணித்தவர்கள் உண்டு. 1955-இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு என்னும் இரு தாவரவியலார் 15 அடையாளங்களைத் தேர்ந்தெடுத்தனர். ஒவ்வோர் அடையாளத்துக்கும் 'ஏ' குலத்தின் சாயல் இருந்தால் 1 மதிப்பெண். 'பி' குலத்தின் சாயல் இருந்தால் 5 மதிப்பெண். தூய 'ஏ' வாழை 15 பெறும். தூய 'பி' வாழை 75 பெறும். கலப்பு வாழைகள் இடையே நிற்கும். தேர்வுத் தாள் திருத்துவது போன்ற எளிய முறை. ஆயினும் அரிய முறை. 'ஏ' வாழையின் அடிமரத்தில் கருமையும் பழுப்புமான திட்டுகள் மிகுதி. 'பி' வாழையில் அவை குறைவு, அல்லது இல்லை. 'ஏ' வாழையின் இலைக்காம்பில் உள்ள வாய்க்கால் விரிந்திருக்கும். 'பி' வாழையில் அதன் விளிம்புகள் கூடி மூடியிருக்கும். 'ஏ' வாழையின் பூமடல் உயர்ந்த பின் பின்னோக்கிச் சுருளும். 'பி' வாழையின் பூமடல் உயருமேயன்றிச் சுருளாது.

கண்ணால் காணும் அடையாளங்களுக்கு ஓர் எல்லை உண்டு. உறவில்லாத இருவர் ஒரே சாயலில் இருப்பதைக் காண்கிறோம். உடன்பிறந்த இருவர் வெவ்வேறு சாயலில் இருப்பதையும் காண்கிறோம். செடிகளிலும் அவ்வாறே. நிலமும் நீரும் வெயிலும் தோற்றத்தை மாற்றும். ஆதலால், தோற்றத்தால் மாறாத சான்று ஒன்று வேண்டியதாயிற்று. அச்சான்று உயிரணுவின் உட்கருவிலுள்ள டி.என்.ஏ.வில் கிடைத்தது.

டி.என்.ஏ. என்பது நான்கே எழுத்துகளால் எழுதப்பட்ட நெடுஞ்சுவடி. ஒரு செடி எவ்வாறு வளரவேண்டும், எவ்வாறு பூக்கவேண்டும் என்னும் கட்டளைகள் அதில் உள்ளன. 2012-இல் 'ஏ' வாழையின் சுவடியை அறிஞர்கள் படித்து வெளியிட்டனர். அதன் ஒரு தொகுதியில் ஏறத்தாழ 52 கோடி எழுத்துகள் எனக் கணித்தனர். 'பி' வாழையின் சுவடி 2019-இல் வெளியாயிற்று. உயிரணு இரண்டாகப் பிரியும்போதெல்லாம் இச்சுவடி படியெடுக்கப்படுகிறது. வாழை பக்கக்கன்றால் பெருகுவது. ஆகவே தாயின் சுவடியே ஏறத்தாழ மாற்றமின்றிக் கன்றுக்கும், அதன் கன்றுக்கும் செல்கிறது. 'வாழையடி வாழையாக' என்று நாம் வாழ்த்தும் வாழ்த்து, அறிவியல் நோக்கிலும் பொருந்தும் வாழ்த்தே.

இனி, நச்சுயிரியைப் பார்ப்போம். வைரசு என்று நாளும் கேட்கிறோம். அது தனித்து வாழ இயலாத ஒன்று. ஒரு சிறு கட்டளைச் சுருள், அதன்மேல் புரத உறை, அவ்வளவே. பிற உயிரணுவினுள் புகுந்து, அங்குள்ள கருவிகளைக் கொண்டே தன் படிகளைப் பெருக்கிக்கொள்ளும். வெண்டைச் செடியின் இலை நரம்புகள் மஞ்சளாகிக் காய் வெளிறுவது ஒரு நச்சுயிரியால். அதனை வெள்ளை ஈ பரப்புகிறது. வாழையின் இலைகள் உச்சியில் கொத்தாகக் குறுகி நிற்கும் முடிக்கொத்து நோய் மற்றொரு நச்சுயிரியால். அதனை அசுவினி பரப்புகிறது. கீழ்ப்பழனி மலையில் விருப்பாட்சி வாழையைச் சீரழித்தது இம்முடிக்கொத்து நோயே. இன்று நாம் பேசும் நச்சுயிரி இவ்விரண்டும் அன்று. இலையில் மஞ்சள் கீற்றுகளை உண்டாக்கி, நாளடைவில் அவற்றைப் பழுப்பாகவும் கருமையாகவும் மாற்றும் கீற்று நோய்க்குக் காரணமானது அது. மாவுப்பூச்சிகள் அதனைப் பரப்புகின்றன. அதன் கட்டளைச் சுருள் வட்ட வடிவமானது. ஏறத்தாழ 7,500 எழுத்துகளே கொண்டது.

இந்நச்சுயிரி பெருகுவதற்கு வாழையின் சுவடிக்குள் புகவேண்டிய தேவையே இல்லை. விலங்குகளைப் பற்றும் சில நச்சுயிரிகளுக்கு அத்தேவை உண்டு. மனிதரின் மரபணுத் தொகுதியிலேயே ஏறத்தாழ நூற்றுக்கு எட்டுப் பங்கு அவ்வாறு புகுந்த பழைய நச்சுயிரிகளின் எச்சம் என்பர். வாழைக் கீற்று நச்சுயிரியோ சுவடிக்கு வெளியிலேயே தன் வேலையை முடித்துக்கொள்ளும். ஆயினும் மிக அரிதாக ஒரு விபத்து நேர்கிறது. வாழையின் டி.என்.ஏ. இழை எவ்வாறோ அறுந்துபோகிறது; உயிரணு அதனை ஒட்டுப்போட முயல்கிறது; அருகில் கிடந்த நச்சுயிரியின் துண்டும் அவசரத்தில் சேர்த்து ஒட்டப்பட்டுவிடுகிறது. அந்த உயிரணுவிலிருந்து விதையோ கன்றோ தோன்றினால், அத்துண்டும் தலைமுறை தலைமுறையாகச் செல்கிறது. நோய் மரபுச் சொத்தாகிவிட்டது!

இது வரலாற்றுக்கு எவ்வாறு சான்றாகும்? இதனை விளக்க நம் ஊர் உவமை ஒன்று உண்டு. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது, ஏட்டுச் சுவடிகளைத் தேடித் திரட்டுவதும் சங்கத்தின் பணிகளுள் ஒன்றாயிற்று. ஒரே நூலுக்குப் பல ஊர்களிலிருந்து பல சுவடிகள் கிடைக்கும். எந்தச் சுவடியைப் பார்த்து எந்தச் சுவடி எழுதப்பட்டது என்பதைப் பதிப்பாசிரியர் எவ்வாறு அறிவார்? சரியாக உள்ள பாடங்கள் அவருக்கு உதவுவதில்லை. அவை எல்லாச் சுவடியிலும் உள்ளவை. பிழைகளே உதவுகின்றன. ஒரு நூலின் நடுவே, தொடர்பில்லாத வேறொரு நூலின் நான்கு வரிகள் தவறிப் புகுந்துள்ளன என்று கொள்வோம். அதே நான்கு வரிகள், அதே இடத்தில், அதே இரு சொற்களுக்கு இடையே மற்றொரு சுவடியிலும் காணப்பட்டால், இரண்டு எழுத்தாளரும் தனித்தனியே அதே தவற்றைச் செய்தனர் என்று எவரும் கருதமாட்டார். அவ்விரு சுவடிகளுக்கும் மூலம் ஒன்றே என்று துணிவர்.

வாழையின் சுவடியும் அவ்வாறே. 52 கோடி எழுத்துகளுக்கு நடுவே, குறித்த ஓரிடத்தில், நச்சுயிரியின் துண்டு ஒன்று செருகியிருக்கிறது. இரண்டு செடிகளில் அதே துண்டு அதே இடத்தில் இருக்குமாயின், அவ்விபத்து இருமுறை நேர்ந்தது என்று கூறுவதைவிட, ஒருமுறை நேர்ந்து இருவர்க்கும் பொதுவான மூதாதையிடமிருந்து வந்தது என்று கூறுவதே பொருந்தும். தோற்ற ஒற்றுமை நம்மை ஏமாற்றலாம். தழும்பின் இடம் எளிதில் ஏமாற்றுவதில்லை. இதுவே இவ்வாராய்ச்சியின் அடிப்படை நெறி.

இந்நெறி எவ்வாறு பயன்படும் என்பதற்குப் புகையிலை எளிய சான்று. திண்டுக்கல் வட்டாரம் புகையிலைக்குப் பெயர் பெற்றது. வேடசந்தூரில் அதற்கென ஆராய்ச்சி நிலையமும் உண்டு. அப்பயிரின் 48 குரோமோசோம்கள் இரு காட்டுச் செடிகளிலிருந்து பாதிக்குப் பாதி வந்தவை. ஒன்று நிக்கோட்டியானா சில்வெஸ்ட்ரிஸ், அது தாய். மற்றொன்று நிக்கோட்டியானா டொமெண்டோசிபார்மிஸ்; அது தந்தை. வெண்டையைத் தாக்கும் நச்சுயிரிக்கு உறவான ஒரு நச்சுயிரியின் துண்டுகள் புகையிலையின் மரபணுத் தொகுதியில் கிடப்பதை 1996-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. அத்துண்டுகள் தந்தைச் செடியிலும் அதன் நெருங்கிய உறவினங்கள் சிலவற்றிலும் உள்ளன. தாய்ச் செடியில் இல்லை. ஆகவே, புகையிலை பிறப்பதற்கு முன்னரே தந்தையின் குலத்தில் அத்தொற்று நேர்ந்தது என்பதும், அக்குலமே புகையிலைக்குத் தந்தை என்பதும் ஒருசேர உறுதியாயின. உள்ளது, இல்லாதது என்னும் இரண்டு செய்திகளைக் கொண்டே இத்தனையும் அறிய முடிந்தது பாருங்கள்.

வாழையில் இத்தழும்பு கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவையானது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில், புதிய வாழை இனங்களை உருவாக்க முயன்றவர்களுக்கு ஒரு புதிர் எதிர்ப்பட்டது. நோயற்ற 'ஏ' வாழையையும் நோயற்ற 'பி' வாழையையும் கலந்தனர். பிறந்த கன்றுகளைத் திசு வளர்ப்பு முறையில் தூய்மையான குடுவைகளில் பெருக்கினர். பூச்சியும் இல்லை, நோயுற்ற செடியும் அருகில் இல்லை. ஆயினும் சில கன்றுகளில் கீற்று நோய் தோன்றிற்று. வெளியிலிருந்து வர வழியில்லையெனின் நோய் எங்கிருந்து வந்தது? 1999-இல் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பணிபுரிந்த ஆய்வாளர்கள் விடை கண்டனர். நோய் வாழையின் சுவடிக்குள்ளேயே இருந்தது! செருகிக் கிடந்த துண்டு விழித்தெழுந்து முழு நச்சுயிரியாகிவிட்டது.

இதன்பின் ஆராய்ச்சி விரைந்தது. பிரான்சு நாட்டு அறிஞர்கள் வாழையின் 60 வகைகளை ஆராய்ந்தனர். விழித்தெழக்கூடிய தழும்புகள் 'பி' குலத்திலேயே காணப்பட்டன. 'ஏ' குலத்தில் அவ்விடங்களில் இல்லை. இதன் பொருள் யாது? 'ஏ', 'பி' என்னும் இரு கிளைகளும் பிரிந்த பின்னரே இத்தொற்று நேர்ந்திருக்கவேண்டும். 'பி' குலத்தின் வகைகள் பலவாகப் பரவுவதற்கு முன் நேர்ந்திருக்கவேண்டும். இவ்வாறு மேல் எல்லையும் கீழ் எல்லையும் வகுத்து, அக்குலங்களின் டி.என்.ஏ. வேறுபாடுகளைக் கொண்டு கணக்கிட்டு, ஆராய்ந்த இரு நச்சுயிரிகளும் ஏறத்தாழ 6,40,000 ஆண்டுகளுக்கு முன் வாழைக்குள் புகுந்தன என்று 2010-இல் வெளியிட்டனர்.

இவ்வெண்ணின் பெருமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். பப்புவா நியூ கினித் தீவில் குக் என்னும் சதுப்பு நிலத்தில் வாழை பயிரிட்டதற்கான தடயங்கள் ஏறத்தாழ 7,000 ஆண்டுப் பழைமையுடையவை. வாழைப் பயிரின் மிகப் பழைய சான்றுகளுள் ஒன்றாக அதனைப் போற்றுகின்றனர். அவ்வுழவர் கையில் வாழை வருவதற்கு ஆறு இலட்சம் ஆண்டுகளுக்கு மேல் முன்னரே, மனிதர் காணாத ஒரு காட்டில், ஒரு வாழை நோயுற்றது. அந்நோயின் நினைவு இன்று நம் தோட்டத்தில் இருக்கிறது!

'ஏ' குலம் நச்சுயிரியிடமிருந்து முற்றும் தப்பியது என்று எண்ணிவிடாதீர்கள். அதன் சுவடியைப் படித்தபோது, 24 இடங்களில் இவ்வின நச்சுயிரியின் சிதறல்கள் காணப்பட்டன. ஆனால் அவை செல்லரித்த ஏடுகள் போல உடைந்தும் திரிந்தும் போனவை. மீண்டும் எழ வல்லமையற்றவை. 'பி' குலத்தின் தழும்புகளோ இன்னும் எழுத்து அழியாமல் உள்ளன. எழுத்து அழிந்த அளவைக் கொண்டும் பழைமையை ஒருவாறு மதிப்பிடலாம். கல்வெட்டு ஆராய்வோர் தேய்வை நோக்குவது போல எனலாம். ஆயினும் தேய்வு ஒன்றே காலத்தைக் காட்டிவிடாது. பிற சான்றுகளும் உடன் வேண்டும்.

இனி நம் பூவனுக்கு வருவோம். உலக வழக்கில் இவ்வகையை 'மைசூர்' என்னும் பெயரால் குறிப்பர். இதனைப் பற்றும் கீற்று நச்சுயிரிக்கும் மைசூர் என்பதே அடைமொழி. அதன் டி.என்.ஏ. பயிர் வாழைகளின் 'பி' தொகுதியில் செருகியிருப்பதற்கான சான்றை 2005-இல் வெளியான ஆய்வு தந்தது. ஆகவே, ஒரு பூவன் வாழையின் உடலில் இரு குலங்களின் வரலாறும், அவற்றுள் ஒன்றுக்கு நேர்ந்த நோயின் வரலாறும் சேர்ந்தே உள்ளன. சிம்மண்ட்சும் ஷெப்பர்டும் இலைக்காம்பையும் பூமடலையும் பார்த்து, 'இதில் பி குலத்தின் பங்கு உண்டு' என்று கூறியதை, அவர்கள் அறியாத தழும்பு ஒன்று பிற்காலத்தில் வந்து மெய்ப்பித்தது. இரண்டு சாட்சிகள், ஒருவரையொருவர் அறியாதவர்கள், ஒரே செய்தியைக் கூறினால் நீதிபதி நம்புவார் அல்லரோ?

அதற்கு மேலும் ஒரு பயன் உண்டு. ஒரே இடத்தில் புகுந்த துண்டும் காலப்போக்கில் கிளைக்குக் கிளை சிறிது சிறிதாக மாறுகிறது. 2016-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, விதையுள்ள 'பி' வாழைகளிலும் கலப்பு வாழைகளிலும் இத்தழும்புகளின் வடிவங்களை ஒப்பிட்டு, கலப்பு வாழைகளுக்குள் 'பி' பங்கு எவ்வழியே வந்திருக்கலாம் என்று தேடிற்று. பாட வேறுபாடுகளைக் கொண்டு சுவடிகளின் வழிமுறையை வரையும் பதிப்பாசிரியர் வேலையே இது.

வாழைக்கு மட்டுமோ இந்நிலை? நாம் நாளும் உண்ணும் நெல்லுக்கும் உண்டு. 2014-இல் அறிஞர்கள் பூக்கும் தாவரங்கள் பலவற்றின் சுவடிகளைப் புரட்டி, அதுவரை அறியப்படாத ஒரு நச்சுயிரிக் கூட்டத்தின் எச்சங்களைக் கண்டனர். சில செடிகளில் அவை முழுச் சுவடியில் 200-இல் ஒரு பங்குக்கும் மேல் இடம்பிடித்திருந்தன. நெல்லினத்துக்குள் அவை புகுந்தது 18 இலட்சம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமையுடையது என்று கணித்தனர். வைகைப் பாசனத்து வயலில் அசையும் ஒவ்வொரு கதிரும் அவ்வளவு பழைய செய்தியைத் தாங்கி நிற்கிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 'நோய்க்கிருமியின் துண்டு உள்ள பழத்தை உண்ணலாமா?' என்று கேட்பீர்கள். அஞ்ச வேண்டா. வாழைக் கீற்று நச்சுயிரி வாழையின் நோய்; மனிதரைப் பற்றாது. நம் முன்னோர் அறியாமலே உண்டனர். நாம் அறிந்தே உண்ணலாம்.

ஆனால் உழவருக்கு இது வெறும் வரலாற்றுச் செய்தி அன்று. 'பி' காட்டு வாழையில் இத்துண்டு உறங்கியே கிடக்கிறது. அச்செடி அதனை அடக்கி வைக்கும் ஆற்றல் உடையது. 'ஏ' குலத்தோடு கலந்து பிறந்த செடியிலோ அவ்வடக்கம் தளர்கிறது. திசு வளர்ப்பின் நெருக்கடி, வெப்பநிலை மாற்றம், நீர்ப்பற்றாக்குறை ஆகியவை நேரும்போது, முன்பின்னாகக் கிடக்கும் நச்சுயிரியின் பகுதிகள் ஒன்றோடொன்று பொருந்தி முழு வட்டமாகிவிடக்கூடும். அப்போது இலையில் கீற்று தோன்றும், தார் சிறுக்கும். வறட்சியைத் தாங்கும் வாழை வேண்டும் என்று 'பி' குலத்தை நாடினால், அதனோடு இவ்விடரும் வருகிறது. சொத்தும் கடனும் ஒரே பத்திரத்தில் எழுதப்பட்டது போன்ற நிலை இது. மழை குறைந்த நம் மதுரைச் சமவெளி போன்ற பகுதிகளுக்கு இது எத்துணைப் பெரிய செய்தி என்பதை நான் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

கம்பம் பள்ளத்தாக்கு முதலிய பகுதிகளில் திசு வளர்ப்புக் கன்றுகளாக மிகுதியாக நடப்படும் 'கிராண்ட் நைன்' வகையில் மூன்றும் 'ஏ' தொகுதிகளே. ஆதலால் உள்ளிருந்து எழும் இவ்விடர் அதற்கு இல்லை. 'பி' பங்குள்ள வகைகளைத் திசு வளர்ப்பில் பெருக்கும்போதே விழிப்பு மிகுதியும் வேண்டும். ஆனால் சோதிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. நச்சுயிரியின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று வழக்கமான முறையில் தேடினால், நோயற்ற செடியும் 'இருக்கிறது' என்றே விடை தரும். ஏனெனில் தழும்பு உள்ளே இருக்கிறதே! ஆறிய தழும்பைப் பார்த்துப் புதுப்புண் என்று மருத்துவர் மயங்குவது போன்றது இது. அதனால், புரத உறையோடு கூடிய நச்சுயிரியை முதலில் பிடித்துக்கொண்டு பின் சோதிப்பது, வட்ட வடிவில் உள்ள டி.என்.ஏ.வை மட்டும் பெருக்கிப் பார்ப்பது ஆகிய முறைகளை வகுத்தனர். செருகிக் கிடக்கும் துண்டுக்கு உறையும் இல்லை. வட்டமும் இல்லை அன்றோ? உழவர் கைக்கு நல்ல கன்று வருவதற்கு முன் இத்தகைய நுட்பங்கள் பல தேவைப்படுகின்றன. திருச்சிராப்பள்ளியில் 1993-இல் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையம், நாட்டின் பல பகுதிகளிலிருந்து வாழை வகைகளைத் திரட்டிக் காப்பதோடு, வாழையின் நச்சுயிரி நோய்களையும் ஆராய்ந்து வருகிறது.

இடரைக் களைய இரு வழிகள் கண்டுள்ளனர். ஒன்று, பழைய வழி, தேர்ந்தெடுத்தல். ஒரே இடத்திலுள்ள தழும்புக்கும் இரு வடிவங்கள் இருக்கலாம். ஒன்று எழ வல்லது, மற்றொன்று எழாதது. 2008-இல் இவ்வேறுபாடு தெளிவாயிற்று. எழ வல்ல வடிவம் இல்லாத 'பி' செடிகளை இனப்பெருக்கத்தால் பிரித்தெடுத்ததைக் குவாடலூப் தீவிலிருந்து 2016-இல் அறிவித்தனர். மற்றொன்று, புதிய வழி, திருத்துதல். 'கிரிஸ்ப்பர்' என்னும் மரபணுத் திருத்தக் கருவியால், கென்யாவின் நைரோபி நகரில் பணிபுரிந்த ஆய்வாளர்கள் ஒரு வாழை வகையிலுள்ள தழும்பின் எழுத்துகளைச் சிதைத்தனர். அவ்வாறு திருத்திய செடிகளை நீரின்றி வாடவிட்டுச் சோதித்தபோது, அவற்றுள் நான்கில் மூன்று பங்கு நோய்க்குறியின்றி நின்றன என்று 2019-இல் வெளியிட்டனர். முன்னது நல்ல ஏட்டைத் தேர்ந்து படியெடுப்பது. பின்னது ஏட்டிலேயே பிழையை அடித்துவிடுவது.

மாணவர்களே, இவ்வளவும் கேட்டபின் இச்சான்றின் அளவையும் உணர்ந்துகொள்ளுங்கள். தழும்பு, இன்னார் இன்னாருக்கு உறவு என்பதைக் கூறும்; எது முன், எது பின் என்பதையும் கூறும். ஆனால் எந்த ஊரில், எந்த உழவர் முதன்முதலில் பூவனைக் கண்டெடுத்து நட்டார் என்பதை அது கூறாது. அதற்கு அகழாய்வும், மொழியாராய்ச்சியும், ஊர்ப் பெரியோரின் வேளாண் அறிவும் வேண்டும். 6,40,000 என்ற எண்ணும் ஒரு மதிப்பீடே. புதிய சான்று கிடைத்தால் திருத்தப்படும். திருத்தத்துக்கு இடம் கொடுப்பது அறிவியலின் குறையன்று. அதுவே அதன் ஒழுக்கம்.

மற்றொன்றும் கூறுவேன். எந்தச் சுவடியையும் படிக்கவேண்டுமாயின், முதலில் அது அழியாமல் இருக்கவேண்டும். செல்லரித்தும் தீப்பட்டும் போன தமிழ் ஏடுகள் எத்தனை! வாழைகளிலும் அவ்வாறே. சந்தையில் ஒன்றிரண்டு வகைகளே விலைபோகும் காலம் இது. விதை நிறைந்தது என்று காட்டு வாழையை வெட்டிவிட்டால், விளைச்சல் குறைவு என்று பழைய வகைகளைக் கைவிட்டால், ஆறு இலட்சம் ஆண்டுச் சுவடியின் ஏடுகளை நாமே கிழித்தவர்கள் ஆவோம். எழாத வடிவத் தழும்பு எங்கோ ஓர் எளிய வாழையில் இருக்கலாம். நாளைய உழவருக்கு அதுவே தேவைப்படலாம்.

சோழவந்தான் பக்கத்து வைகைக் கரைத் தோட்டங்களுக்கோ, சிறுமலைச் சரிவுக்கோ செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைக்குமாயின், கையில் ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். அடிமரத்தில் திட்டு உண்டா? இலைக்காம்பின் வாய்க்கால் திறந்ததா, மூடியதா? பூமடல் சுருள்கிறதா, சுருளவில்லையா? உழவரிடம் வகையின் பெயரையும் அது வந்த வழியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நுண்ணோக்கியும் ஆய்வுக்கூடமும் பின்னர் வரலாம். கண்ணும் கேள்வியும் இன்றே உங்களிடம் உள்ளன. சிம்மண்ட்சும் ஷெப்பர்டும் தொடங்கியதும் அவ்விரண்டைக் கொண்டே.